ஸ்டூடியோ: தளமா, கலையகமா, கூடமா?

‘சூரியன் நகர நகர, எடிசனின் படப்பிடிப்புத் தளமும் சுழன்றது.’ மௌனப்படக் காலத்தைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் சென்ற வாரம் இந்த வரியைப் படித்தேன். கட்டடம் அசையாமல் நிற்க, உள்ளே தரை மட்டும் சுற்றியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுழன்றது தரையன்று, கட்டடமே. ‘ஸ்டூடியோ’வைத் ‘தளம்’ என்று எழுதியதால் வந்த குழப்பம் இது.

ஸ்டூடியோ இத்தாலியச் சொல். லத்தீனில் ஆர்வத்தையும் கற்றலையும் குறித்த ‘ஸ்டூடியம்’ அதன் வேர். ஓவியர் வேலை செய்யும் அறைக்குப் பெயராகி, புகைப்படக்காரரிடம் போய், அங்கிருந்து சினிமாவுக்கு வந்தது.

தளம் என்றால் தரை, கட்டடத்தின் அடுக்கு. ஸ்டூடியோவுக்குள் செட் போடும் இடத்தைச் சினிமாக்காரர்கள் ‘ஃப்ளோர்’ என்பார்கள். அதற்குத் தளம் பொருந்தும். முழு ஸ்டூடியோவுக்கும் அதையே வைத்தால் மேலே சொன்ன குழப்பம்தான் மிஞ்சும். இன்று இணையத்துக்கும் தளம், ராணுவத்துக்கும் தளம், மூன்றாம் மாடிக்கும் தளம். ஒரு சொல்லின் முதுகில் எத்தனை மூட்டைதான் ஏற்றுவது?

தூய தமிழ் வேண்டுவோர் ‘கலையகம்’ என்கிறார்கள். வானொலியிலும் கேட்டிருக்கிறேன். புணர்ச்சியில் பிழையில்லை, ஓசையும் இனிது. ஆனால் பொருள் நழுவுகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சில், எடிசனின் ஆய்வுக்கூட வளாகத்தில் 1893 தொடக்கத்தில் எழுந்த அந்தச் சுழலும் கட்டடம், தார்த்தாள் போர்த்திய ஒரு மரக் கொட்டகை. செலவு 637 டாலர் சொச்சம். கைதிகளை ஏற்றிச் செல்லும் போலீஸ் வண்டியின் பட்டப்பெயரான ‘பிளாக் மரியா’ அதற்கும் ஒட்டிக்கொண்டது. 1894 ஜனவரியில் அங்கே படமாக்கியது எடிசனின் ஊழியர் ஃபிரெட் ஆட் போட்ட ஒரு தும்மலை! கலை பிறகு வந்தது. முதலில் வந்தது வெளிச்சத்தைப் பிடிக்கும் வேலை. 1897இல் பாரிஸை அடுத்த மோந்த்ரேயில் பிரெஞ்சுத் திரைப்பட முன்னோடி மெலியே கண்ணாடியால் சுவரும் கூரையும் அமைத்துக் கட்டியதைக் ‘கண்ணாடிக் கலையகம்’ என்று எழுதிப் பாருங்கள். கண்ணாடியில் கைவினை செய்யும் இடம் என்றல்லவா படுகிறது? ஓவியர் அறைக்குக் கலையகம் இருக்கட்டும். வேலையைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொல்லும் பெயர் சினிமா ஸ்டூடியோவுக்கு உதவாது.

‘படப்பிடிப்பு நிலையம்’ பத்திரிகைகளில் பழகிய சொல். அதை எழுதுவோரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் ‘படப்பிடிப்புக்கூடம்’ என்பதே என் தேர்வு. அச்சடிக்கும் இடத்தை நம் முன்னோர் அச்சுக்கூடம் என்றார்கள். இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தும் பெயர் இங்கேயே பிறந்தது. அந்த மொழிபெயர்ப்பாளரும் அதே பக்கத்தில் ‘ஆய்வுக்கூடம்’ என்று சரியாக எழுதியிருக்கிறார். இரண்டு வரி தள்ளி அந்தக் கூடம் ஏன் கைக்கு வரவில்லை? அகராதியில் சொல்லைத் தேடியவர், அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று தேடவில்லை. இன்றைய மொழிபெயர்ப்புகளில் பாதிக் குறை இந்த இடத்தில்தான்.

வெயிலுக்காகத் திறந்துவிட்ட, கூரை இல்லாத இடத்தைக் கூடம் எனலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான ‘கீசக வதம்’ எடுத்தபோது மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, வெயிலை வடிகட்டித்தான் படம் பிடித்தார். நம் பழைய வீடுகளின் கூடமும் முற்றத்துத் திறப்பிலிருந்து இறங்கும் வெளிச்சத்தில் இருப்பதுதானே? பிளாக் மரியாவின் கூரைப் பலகையைத் திறந்தால் நடிப்பவர் மேல் வெயில் விழுந்த விதமும் அப்படித்தான்.

அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்: ‘சூரியன் நகர நகர, வட்டத் தண்டவாளத்தின் மேல் படப்பிடிப்புக்கூடத்தையே தள்ளித் திருப்பினார்கள்.’