டிராக் ரேஸ்: இழுப்பது யார், எதை?

டிராக் ரேஸைத் தமிழில் ‘இழுவைப் பந்தயம்’ என்று எழுதுவதை அங்கங்கே பார்க்கிறேன். டிராக் என்றால் இழு, ரேஸ் என்றால் பந்தயம், இரண்டையும் ஒட்டு, முடிந்தது வேலை. எனக்கு அதைப் படித்ததும் ரெண்டு டிராக்டரைப் பின்னுக்குப் பின் சங்கிலியால் கட்டி, எது எதை இழுக்கிறது என்று பார்க்கிற காட்சிதான் மனதில் வருகிறது. அப்படியும் ஒரு போட்டி பஞ்சாப் பக்கம் உண்டு, அது வேறு கதை.

டிராக் ரேஸில் யாரும் எதையும் இழுப்பதில்லை. நேரான தடத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பி, வழக்கமாகக் கால் மைல், அதாவது 1320 அடி, மீட்டரில் 402, யார் முதலில் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. வளைவும் இல்லை, சுற்றும் இல்லை. நிசான் ஜிடி-ஆர் ஆர்35 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வந்தபோதே 480 குதிரைத்திறன், கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டினால் கால் மைலுக்குப் பதினொன்றரை விநாடி போல ஆகும். டர்போவைப் பெரிதாக்கி, பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாம் மாற்றி, கியர்பாக்ஸைப் பலப்படுத்தி, மெத்தென்ற டிராக் டயரையும் மாட்டினால் அதே காரை 7 விநாடிக்குள் ஓட வைக்கிறார்கள். இத்தனை செலவும் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதற்காகத்தான்.

சரி, அப்புறம் ஏன் டிராக்? வேர் ‘இழு’தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சொல் அங்கேயே நிற்கவில்லை. குதிரை இழுக்கிற வண்டிக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கொச்சையில் டிராக் என்று பெயர். பிறகு வண்டி ஓடுகிற தெருவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, ஊரின் பெரிய கடைத்தெரு ‘மெயின் டிராக்’ ஆனது. 1930களில் திருடர்கள் மோட்டார் காரையே டிராக் என்றார்கள். பந்தயத்துக்கு இந்தப் பெயர் வந்தது 1940களில், கலிபோர்னியாவில். பழைய ஃபோர்டுகளைக் கழற்றி மாட்டி வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் தெருவிலும் மோத ஆரம்பித்திருந்த காலம் அது. கியரை மாற்றாமல் இழுத்துப் பிடித்து ஓட்டுவதால் வந்த பெயர் என்றும், ‘காரை ஷெட்டிலிருந்து வெளியே இழுத்துட்டு வா’ என்ற சவாலிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். எனக்கு வண்டி, தெரு வழியாக வந்த கதைதான் நம்பும்படி இருக்கிறது. தெருவிலிருந்து இதை அப்புறப்படுத்தத்தான் 1950இல் சான்டா அனா விமான நிலையத்தில் ஓட்ட இடம் கொடுத்தார்கள், 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராடு (இப்படிக் கழற்றி மாட்டிய கார்) சங்கத்தைத் தொடங்கினார். நம் சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல வருடம் மோட்டார் பந்தயம் நடந்தது.

ஆக இழுவை சரிப்படாது. ஒர்க்‌ஷாப்பில் “வண்டி இழுக்கவே மாட்டேங்குது” என்கிறோமே, அந்த இழுவை கொஞ்சம் கிட்டே வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சுமை ஏற்றிய லாரிக்கும் மேட்டில் ஏறும் மொபெட்டுக்கும் பொருந்துகிற பேச்சு. கால் மைல் பந்தயம் என்றால்? அதுவும் ஓடாது, 2008க்குப் பிறகு அமெரிக்காவில் மிக வேகமான பிரிவுகள் 1000 அடிதான் ஓடுகின்றன, எட்டில் ஒரு மைல் பந்தயமும் உண்டு. நேர்ப்பாதைப் பந்தயம் தப்பில்லை, ஆனால் கொங்குப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஸ்டாப் வாட்ச் வைத்து விடுகிற ரேக்ளாவும் நேர்ப்பாதைதானே.

என் ஓட்டு ‘முடுக்குப் பந்தயம்’ என்பதற்கு. முடுகு என்றால் விரை, முடுக்கு என்றால் விரையச் செய். சந்தப் பாட்டில் நடை திடீரென்று வேகமெடுக்கிற இடம் முடுகு. பள்ளிக்கூட இயற்பியலில் வேகம் கூடும் வீதம் முடுக்கம், இந்தப் பந்தயம் அளப்பதும் ஏறக்குறைய அதைத்தான். இன்னொன்று, இதைக் கவனித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது: தெற்கே முடுக்கு என்றால் சந்து, நாம் ‘மூலைமுடுக்கு’ என்கிறோமே, அது. டிராக் என்ற சொல்லுக்குள் தெரு ஒளிந்திருக்கிற மாதிரி இதற்குள்ளும் ஒரு சந்து இருக்கிறது. திட்டம் போட்டாலும் இப்படி அமையாது.

டிராக் ஸ்டிரிப்பை முடுக்குத் தடம் எனலாம். டிராக்ஸ்டர் என்கிற அந்த நீண்டு மெலிந்த வண்டிக்கு முடுக்கி என்று பெயர் வைக்க ஆசைதான், ஆனால் ஆக்சிலரேட்டரையும் துகள் முடுக்கியையும் அது ஏற்கெனவே குறிக்கிறது, அதனால் முடுக்கு வண்டி போதும். இழுவையையும் தூக்கி எறிய வேண்டாம். கோட்டைத் தாண்டியதும் அந்த வண்டியின் பின்னால் பாராசூட் விரிந்து காற்றைப் பிடித்து நிறுத்துகிறதே, அந்த டிராக் சுத்தமான இழுவைதான்.