ஒரு காய்ச்சல், மூன்று திரும்புதல்கள்

"டாக்டர், காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது." மலேரியா கண்டு குணமானவர் இப்படிச் சொன்னால், எந்தத் 'திரும்ப' என்று நான் தோண்டித் துருவ வேண்டியிருக்கிறது.

மருத்துவத்தில் இதில் ஒரு வகைக்கு 'ரெக்ருடெசென்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. வாயில் நுழையாது, ஆனால் பொருள் தெரிந்தால் மறக்காது. லத்தீனில் 'க்ரூடுஸ்' என்றால் பச்சையானது, ரத்தம் கசிவது. ஆறிவந்த புண் மறுபடி பச்சைப்புண்ணாவதே இதன் மூலப்பொருள். பச்சைக் காய், பச்சைப்புண் இரண்டுக்கும் நாமும் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்! ('க்ரூடு ஆயில்' என்பதற்கும் இதே வேர்தான்.) மருந்துக்குத் தப்பி ரத்தத்திலேயே மிஞ்சிய கிருமிகள் பெருகிக் காய்ச்சலைக் கிளப்பினால் அது ரெக்ருடெசென்ஸ். மருந்தின் அளவு குறைந்திருக்கலாம், விழுங்கியது வாந்தியில் போயிருக்கலாம், கிருமி மருந்துக்கு மசியாததாக இருக்கலாம்.

'ரிலாப்ஸ்' வேறு. லத்தீனில் அதன் பொருள் சறுக்கிப் பின்னோக்கி விழுவது. வைவாக்ஸ், ஓவேல் வகை மலேரியாக் கிருமிகளில் சில கல்லீரலில் உறங்கிக் கிடக்கும். 'ஹிப்னோசோயிட்' என்று பெயர். கிரேக்கத்தில் 'ஹிப்னோஸ்' உறக்கம். வாரங்களோ மாதங்களோ கழித்து இவை விழித்துக்கொள்ளும். உறங்கும்போது ரத்தப் பரிசோதனையில் சிக்காது. ஆகவே "ரத்தத்தில் கிருமி இல்லை" என்ற அறிக்கை கல்லீரலுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, வேறொரு கொசு கடித்துப் புதிதாகத் தொற்றிய மலேரியா. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

என்னிடம் வந்த ஒருவர் குளோரோகுயினை 3 நாள் ஒழுங்காக விழுங்கினார். காய்ச்சல் விட்டதும், 14 நாளுக்குக் கொடுத்த பிரைமாகுயினைப் பாதியில் நிறுத்திவிட்டார். "உடம்புதான் நன்றாகிவிட்டதே" என்றார். முதல் மருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்தது. உறங்குவதை அழிக்க வேண்டியது இரண்டாவது. இந்தச் சிகிச்சையை 'ராடிகல் க்யூர்' என்பார்கள். 'ராடிக்ஸ்' என்றால் வேர். அவர் செடியை வெட்டிவிட்டு வேரை விட்டுவிட்டார்.

ஆனால் பிரைமாகுயினை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். சிறுநீர் கறுத்துப் போகும். அதனால்தான் முதலில் ஜி6பிடி பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைத் தருவதில்லை.

காய்ச்சல் மறுபடி வந்தால் பழைய மருந்துச் சீட்டையும் பரிசோதனை அறிக்கையையும் எடுத்து வாருங்கள். எந்த வகைக் கிருமி, எந்தத் தேதி, எத்தனை மாத்திரை மிச்சம்? மிச்சத்தை மறைக்க வேண்டாம், திட்டமாட்டேன்.