பூட்டை எத்தனை முறை இழுத்துப் பார்ப்பது?

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவர் சந்தேகம் வந்து திரும்புகிறார். பூட்டை இழுத்துப் பார்த்ததும் மனம் அடங்குகிறது. தெருமுனையை எட்டும்போது மறுபடியும் அதே சந்தேகம். எப்போதாவது எல்லோருக்கும் நேர்வதுதான் இது. நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே கழிந்தாலோ, வேலையும் உறவும் இதனால் குலைந்தாலோதான் மருத்துவர்கள் இதை எண்ண சுழற்சி நோய், ஆங்கிலச் சுருக்கத்தில் ஓசிடி (OCD), என்கிறார்கள். சுத்தத்தில் கறாராக இருப்பவர்கள் விளையாட்டாக 'எனக்கு ஓசிடி' என்று சொல்லிக்கொள்வது வேறு. நோயுள்ளவர் அந்தச் செயலை விரும்பிச் செய்வதில்லை, அது மிகையானது என்பதும் பெரும்பாலும் அவருக்கே தெரியும்.

தெரிந்தும் ஏன் நிறுத்த முடிவதில்லை? சரிபார்த்ததும் கிடைக்கும் அந்த ஒரு நிமிட நிம்மதிதான் வினை. பூட்டை இழுத்ததால்தான் பதற்றம் தணிந்தது என்று மூளை முடிச்சுப் போட்டுக்கொள்வதால், அடுத்த முறை கை இன்னும் சீக்கிரமாகப் பூட்டுக்குப் போகிறது. நெதர்லாந்தின் வான் டென் ஹவுட், கிண்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள், இந்நோய் இல்லாதவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் செய்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசியாக எதைச் சரிபார்த்தோம் என்பது பங்கேற்றவர்களுக்குச் சரியாகவே நினைவிருந்தது. ஆனால் அந்த நினைவு மங்கலாகத் தோன்றியது, அதன் மீதிருந்த நம்பிக்கையும் சரிந்தது. சந்தேகம் தீரச் செய்யும் காரியமே சந்தேகத்துக்குத் தீனியாகிவிடுகிறது.

இந்தச் சுழலில் வாழ்க்கை எவ்வளவு கரைகிறது என்று அளப்பது எளிதல்ல. 1989இல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோல் பத்துக் கேள்விகளில் 40 மதிப்பெண்ணுக்கு நோயின் தீவிரத்தைக் கணக்கிடுகிறது. இந்த நோயால் எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்ற கேள்வியும் அதில் உண்டு, ஆனால் அது அந்த 40இல் சேராது. பூட்டுகிற பொறுப்பை மனைவியிடம் விட்டுவிட்டு, தனியாக வெளியே போவதையே நிறுத்திக்கொண்டவருக்குச் சரிபார்ப்பதற்கான வேளையே வருவதில்லை. மதிப்பெண் குறைந்து தெரியலாம், வாழ்க்கையோ நான்கு சுவருக்குள் சுருங்கியிருக்கும். இந்த ஓட்டையால்தான் வாழ்க்கைத் தரத்தைத் தனியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என நான்கு பக்கமும் தொடுகின்றன. அந்தக் கேள்வித்தாளை உருவாக்கிய மையங்களுள் சென்னையும் ஒன்று.

குடும்பத்தின் பங்கை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

"பூட்டிட்டேன்ல?"

"பூட்டிட்டீங்க, நானே பார்த்தேன்."

அன்பில் வந்த பதில்தான். ஆனால் பூட்டை இழுத்துப் பார்ப்பது செய்யும் அதே வேலையை இதுவும் செய்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் சிகிச்சை முறைக்கு 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் வழிகாட்டினார். பயத்தை எதிர்கொள்ள வேண்டும், வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்க வேண்டும். செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மருந்துகளும் பலருக்கு உதவுகின்றன, ஆனால் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். யேல்-பிரவுன் மதிப்பெண் 35 சதவீதம் குறைந்தாலே பல ஆய்வுகள் அதைப் பலன் என்று கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. 30 எடுத்தவர் 19க்கு இறங்கினாலும் அது இன்னும் மிதமான நோய்தான். ஆகவே சிகிச்சையாளர் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ஒரே முறை பூட்டு, சாவியைப் பையில் போடு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறு என்கிறார். முதல் நாள் வழி நெடுக நெஞ்சு படபடக்கும். யாரும் பூட்டை இழுத்துப் பார்க்காமலே அது தானாக அடங்கும்.