தேயிலைக் கொழுந்துக்கு என்ன விலை? சிறுதோட்டக்காரர் தெரிந்திருக்க வேண்டிய 68 வீதக் கணக்கு

மாதம் முடிந்து கொழுந்துக் கணக்குத் துண்டு கைக்கு வந்தால், நம்மில் அநேகம் பேர் பார்ப்பது கடைசி வரியைத்தான். முற்பணம், உரக்கடன் எல்லாம் கழிந்து மிச்சம் எவ்வளவு? அதற்கு மேலே ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும் விலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலை போட்டால் போட்டதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த விலைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கொழுந்து வாங்கும் தொழிற்சாலைகள் அதன்படிதான் பணம் கொடுக்க வேண்டும். அதைக் கண்காணிப்பது இலங்கைத் தேயிலைச் சபையின் கீழ் இருக்கும் தேயிலை ஆணையாளர் பிரிவு.

சூத்திரம் சுலபம்தான். தொழிற்சாலை தன் தேயிலைத் தூளைக் கொழும்பு ஏலத்தில் விற்கிறது. அந்த மாதம் விற்ற எல்லா வகைத் தூளுக்கும் சேர்த்து, செலவு போக ஒரு கிலோவுக்குச் சராசரியாகக் கிடைத்த தொகைக்கு நிகர விற்பனைச் சராசரி என்று பெயர். அதில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிகர விற்பனைச் சராசரி 1,100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது உதாரணத்துக்கு எடுத்த தொகை, மாதத்துக்கு மாதம் மாறும்). 100 கிலோ கொழுந்தில் சுமார் 21.5 கிலோ தூள் வரும். 21.5 கிலோவை 1,100 ரூபாவால் பெருக்கினால் 23,650 ரூபா. அதில் 68 வீதம் 16,082 ரூபா. ஆக, ஒரு கிலோ கொழுந்துக்கு ஏறக்குறைய 160 ரூபா 80 சதம். உங்கள் துண்டில் 130 என்று போட்டிருந்தால் அந்த 30 ரூபா எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்பதற்கு முதலில் தெரிய வேண்டியது அந்த மாதத்துச் சராசரி. தொழிற்சாலையிடமே கேளுங்கள். சொல்ல மறுத்தால் உங்கள் பகுதித் தேயிலைச் சபை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

விலை சரியாக இருந்தாலும் நிறையில் அடிபடுவது உண்டு. மழை நாளில் சாக்கைத் தராசில் மாட்டுகிறார்கள். முள் 24இல் நிற்கிறது, புத்தகத்தில் 20 என்று எழுதப்படுகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்ததாம். நனைந்த கொழுந்துக்குக் கழிப்பது நியாயம்தான், தண்ணீருக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஆனால் வெயில் காய்கிற நாளிலும் அதே நாலு கிலோ போகிறதே, அதற்கு என்ன நியாயம்? இதற்கு நான் சொல்லக்கூடிய வழி ஒன்றே ஒன்று: தராசு காட்டிய நிறை, கழித்த நிறை இரண்டையும் திகதியோடு உங்கள் கொப்பியிலும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். மாத முடிவில் நினைவில் இருந்து சொன்னால் எந்த அலுவலகத்திலும் எடுபடாது.

கொழுந்தின் தரமும் இதில் சேரும். இரண்டு இலையும் மொட்டுமாக எடுத்த கொழுந்து வேறு, முற்றலும் வங்கியும் (மொட்டு வளராமல் நின்றுபோன கொழுந்து) கலந்தது வேறு. வருகிற கொழுந்தில் 60 வீதமாவது நல்ல கொழுந்தாக இருக்க வேண்டும் என்பது தேயிலைச் சபை வைத்திருக்கும் இலக்கு. முற்றல் கூடினால் தூளின் விலை இறங்கும், அடுத்த மாதம் நம் 68 வீதப் பங்கில் கிடைக்கும் தொகையும் சேர்ந்து இறங்கும்.

முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் கணக்குத் துண்டுகள், நிறை எழுதிய கொப்பி, அடையாள அட்டையின் பிரதி ஆகியவற்றோடு போங்கள். 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி தொழிற்சாலைகளின் பதிவு தேயிலை ஆணையாளரின் கையில்தான் இருக்கிறது. அதனால் அவரிடம் போகும் முறைப்பாட்டைத் தொழிற்சாலை அலட்சியம் செய்ய முடியாது. தனி ஆளாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊர்ச் சிறுதோட்டச் சங்கம் வழியாகப் போகலாம். பத்துப் பேரின் துண்டுகளை ஒன்றாக வைத்தால் குறை பளிச்சென்று தெரிந்துவிடும்.

சரி, அடுத்தது மீள்நடுகை மானியம். இதைக் கொடுப்பது தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகார சபை, 1975ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 10 ஏக்கருக்குக் குறைந்த தேயிலைக் காணிக்காரர் இதில் பதிவு செய்துகொள்ளலாம். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் (டீ.ஆர்.ஐ.) உருவாக்கிய இனங்களை நடுவதற்கு உதவிப் பணம் தவணை தவணையாக வரும். வரட்சி தாங்கும் ‘டீ.ஆர்.ஐ. 2025’ என்பது அப்படி வந்த இனம்தான். மானியத் தொகை அவ்வப்போது மாறுவதால் இன்றைய தொகையை உங்கள் பகுதித் தேயிலைப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் விண்ணப்பம், பரிசோதகர் வந்து காணி பார்ப்பது, அனுமதிப் பத்திரம். அப்புறம்தான் மண்வெட்டி. அவசரப்பட்டுச் செடியைப் பிடுங்கிவிட்டுப் போனால் மானியம் கைநழுவிப் போகலாம். பிடுங்கிய பிறகும் உடனே நட முடியாது. மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்ற வேண்டும். நாலடிக்கு இரண்டடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 5,445 கன்று. இத்தனை கன்றுக்கும் நல்ல நாற்றுத் தவறணையாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நட்டும் சில வருடம் முழு வருமானம் கிடையாது. அதனால் காணி முழுவதையும் ஒரே தடவையில் பிடுங்காமல் பகுதி பகுதியாகச் செய்வதே புத்தி.

தோட்டத்தில் கம்பனி பிரித்துக் கொடுத்த தேயிலை மலையைப் பராமரித்து, கொழுந்தைக் கம்பனிக்கே கொடுக்கும் நம் ஆட்களின் நிலை வேறு. காணி அவர்கள் பெயரில் இல்லை, அதனால் காணி உரித்தைக் கேட்கும் இந்த மானியத்துக்கு அவர்களால் விண்ணப்பிக்க முடிவதில்லை. தலைமுறை தலைமுறையாக அதே தேயிலைக்கு உழைத்தவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருப்பது பெரிய அநியாயம், காணி உரிமை கிடைக்கும்வரை அது தீராது. அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒப்பந்தத்தில் இருக்கிறது. கிலோ விலை எப்படிக் கணக்கிடப்படும், உரத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு கழிப்பார்கள், ஈரக் கழிவு எவ்வளவு என்பதெல்லாம் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். கையெழுத்து வைக்கும் முன்னால் அந்த விலையை மேலே சொன்ன 68 வீதக் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.