அரைச் சொட்டு டீசலும் ஒரு காற்றுக் குமிழும்

டீசல் தீர்ந்து சாலையோரம் நிற்கும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றினாலும் வண்டி உடனே கிளம்பாது. கைப் பம்பை அடித்து, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சின் உறுமும். ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பார்கள் மெக்கானிக்குகள். தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் கரையோரம் பயணம் போகிறவருக்கும் இதே கோளாறு வருகிறது. ஆனால் தொட்டியில் டீசல் தாராளமாக இருக்கும்போதே வருகிறது.

இங்கிலாந்தின் தென்கரையில், ஹர்ஸ்ட் கோட்டைக்கும் வைட் தீவுக்கும் நடுவே கடல் குறுகிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த இடுக்கில் நீரோட்டம் மணிக்கு 4 கடல் மைலுக்கு மேல் பாயும். சிறு படகின் எஞ்சின் முழுமூச்சாக ஓடினால் கிடைப்பதே 5, 6 கடல் மைல்தான். வெளியே வந்தால் ஒரு பக்கம் சிங்கிள்ஸ் என்ற கூழாங்கல் திட்டு. நீர் மேற்கே வடியும் நேரத்தில் தென்மேற்குக் காற்றும் எதிர்த்து வீசினால் அலைகள் சுவர்போல் எழும். எஞ்சின் நின்றால் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் நிற்கும். இதைக் கெட்ட நேரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது.

பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிறது. நீர் டீசலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். அந்த நீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறி, மேலே மிதக்கும் டீசலைத் தின்று வளர்கின்றன. அவற்றின் மிச்சம் கரும்பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று அடியில் படிகிறது. அமைதியான கடலில் அது அசையாது. படகு உருண்டு புரளத் தொடங்கியதும் அடிவண்டல் கலங்கி, டீசலோடு சேர்ந்து ஃபில்டரில் அப்பிக்கொள்கிறது. அடைத்த ஃபில்டருக்கு அப்பாலிருந்து பம்ப் இன்னும் பலமாக உறிஞ்சும். அப்போது டீசல் கசியாத அளவுக்கு இறுக்கமாக இருந்த இணைப்புகள் வழியாகக்கூட வெளிக்காற்று உள்ளே வந்துவிடும்.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக்காட்டிய எஞ்சினுக்கும் இன்றையதற்கும் அடிப்படை ஒன்றுதான்: தீப்பொறி கிடையாது, அமுக்கிச் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. சிறு படகு எஞ்சினில் ஒரு தடவை உள்ளே பீய்ச்சப்படும் டீசல் அரைச் சொட்டுகூட இராது. அதைப் பம்ப் நெருக்கித் தள்ள வேண்டும். அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 150 மடங்கு அளவுக்கு ஏறினால்தான் டீசலைப் பீய்ச்சும் முனையான நாசில் திறக்கும். டீசல் கிட்டத்தட்டச் சுருங்காது. காற்று சுருங்கும். அரைச் சொட்டுப் பருமனுள்ள ஒரு குமிழ் குழாயில் இருந்தால், பம்பின் உந்தல் முழுவதும் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். நாசில் மூடியபடியே இருக்கும். எஞ்சின் இரண்டு முறை ஏறி இறங்கி இரைந்துவிட்டு அடங்கும். (இப்படித் தடுமாறாமல் சட்டென்று வெட்டி நின்றால், நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.)

தனியாள் உடனே ஸ்பேனரைத் தேடக் கூடாது. அவர் கீழே குனிந்திருக்கும் பத்து நிமிடத்தில் நீரோட்டம் படகைத் திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஹர்ஸ்ட் இடுக்கின் நடுவில் ஆழம் 50 மீட்டரைத் தாண்டுவதால் நங்கூரமும் உதவாது. முதலில் பாயை ஏற்றி, திட்டிலிருந்து விலகி, அகன்ற கடலுக்குப் போக வேண்டும். அங்கே முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டினால் அது படகின் முகத்தை ஒரு பக்கம் தள்ளும். கட்டிவைத்த சுக்கானும் பெரிய பாயும் மறுபக்கம் திருப்பும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்ட, படகு மெல்ல ஒதுங்கியபடி, ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும். ஆட்டமும் வெகுவாகக் குறையும். ஒற்றை ஆளுக்கு இரண்டாவது ஜோடிக் கை கிடைப்பது இப்படித்தான். இது தெரியாமல் தனியே கடலுக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி எஞ்சின். ஃபில்டரை மாற்றி, அதன் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடிக்க வேண்டும். முதலில் சோப்பு நுரைபோல் வரும். பிறகு நுரையும் டீசலுமாக விட்டுவிட்டு வரும். குமிழே இல்லாமல் கண்ணாடிபோல் வழியும்போது, அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்கிவிட வேண்டும். முந்திப் பம்பை நிறுத்தினால் காற்று திரும்ப நுழையும். அடுத்து நாசில் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, டீசல் தெறிக்கத் தொடங்கியதும் இறுக்க வேண்டும்.

பதற்றத்தில் பலரும் மறப்பது கடல்நீர் வால்வை. அதன் வழியே வந்து எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைப் புகையின் வேகம்தான் வெளியே தள்ளுகிறது. எஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் நீர் சைலன்சரில் நிரம்பி, பின்னேறி சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். நீரும் சுருங்காது, பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். ஆகவே ஸ்டார்ட்டரைத் தொடுமுன் வால்வை மூடி, நினைவூட்டலாகச் சாவியில் ஒரு துணியைக் கட்டிவைப்பது நல்லது. எஞ்சின் பிடித்த அந்த நொடியே வால்வைத் திறந்து, படகின் பின்புறம் எட்டிப் பார்க்க வேண்டும். புகையோடு நீரும் கொப்பளித்து விழுந்தால் பாயின் கட்டை அவிழ்க்கலாம்.