குவிந்தது கணக்கு, வரவில்லை காற்று

சென்ற வாரம் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு இன்னொரு சுரங்கக் காற்றோட்ட அறிக்கை வந்தது. இந்த ஆண்டில் இது மூன்றாவது. வேலை நடக்கும் முகப்புக்கு நொடிக்கு 12 கனமீட்டர் காற்று போகும் என்கிறது அறிக்கை. உள்ளே அளந்தவர்களுக்கு ஒன்பது சொச்சம்தான் கிடைத்தது. "சார், ஆறே சுற்றில் விடை குவிந்துவிட்டதே!" என்கிறார் கணக்குப் போட்ட தம்பி. இனித் திருத்தினாலும் விடை மாறாது என்று அர்த்தம்.

குவியத்தான் செய்யும். அமெரிக்கப் பொறியாளர் ஹார்டி கிராஸ் 1936இல் தண்ணீர்க் குழாய்களுக்காகச் சொன்ன முறை அது: ஓட்டத்தை உத்தேசமாக வைத்து, வழிகள் சுற்றி வந்து சேரும் ஒவ்வொரு வளையத்திலும் அழுத்தம் ஈடாகும்வரை திருத்துவது. ஈடாவது நீங்கள் கொடுத்த எண்கள். மளிகைக்கடையின் 555 கடன் புத்தகத்தில் பத்து ரிங்கிட் வரவை எழுதாமல் விட்டாலும் கூட்டல் பிசகாது. கடைக்காரர் எத்தனை முறை கூட்டினாலும் அதே தொகைதான் வரும். அதற்காகக் கடன் பாக்கி அதுதான் என்று ஆகிவிடுமா?

இங்கே விடுபட்டது சுரங்கவழியின் உண்மையான அளவு. வரைபடத்தில் அகலமும் உயரமும் 3 மீட்டர். முட்டுக்கட்டையும் குழாய்களும் போக மிச்சம் 2.7. பத்து விழுக்காடுதானே என்பார்கள். காற்றுத் தடை சுற்றளவுக்கு நேர்விகிதத்திலும், குறுக்குப் பரப்பின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் மாறுகிறது. ஆகவே தடை 1.69 மடங்காகிவிட்டது. அதே அழுத்தத்தில் 12 கனமீட்டர் 9.2 ஆகக் குறையும். அளந்தவர்கள் சொன்னதும் அதைத்தானே!

உடனே "பெரிய விசிறி போடலாம்" என்ற யோசனை வேறு. 9.2ஐ மறுபடி 12 ஆக்க 1.69 மடங்கு அழுத்தமும் ஏறக்குறைய 2.2 மடங்கு மின்திறனும் வேண்டும். மின்கட்டணத்தை யார் கட்டுவது?

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அழுத்த இழப்பைத் தடை பெருக்கல் ஓட்டத்தின் வர்க்கம் என்று அப்படியே எழுதாதீர்கள். வர்க்கத்தில் கழித்தல் குறி மறைந்துவிடும், காற்று திசை மாறிய கிளையில் கணக்கு கெடும். ஓட்டத்தை அதன் குறியில்லாத மதிப்பால் பெருக்குங்கள். விசிறிக்கு நிலையான ஓர் அழுத்தத்தையும் கொடுக்காதீர்கள், ஓட்டத்துக்கு ஏற்ப அதன் அழுத்தம் எப்படி மாறும் என்று காட்டும் வளைகோட்டைக் கொடுங்கள்.

தயவுசெய்து முதலில் கீழே இறங்குங்கள். முக்கியக் கிளைகளில் காற்றின் வேகத்தையும் அழுத்த வேறுபாட்டையும் அளந்து, தடையை அதிலிருந்து கணக்கிடுங்கள். காற்றோட்டக் கதவுகளையும் பாருங்கள். கணக்கில் மூடியிருக்கும் கதவு, உள்ளே கல்லை அண்டக்கொடுத்துத் திறந்தே கிடக்கும்.

தம்பி திங்கட்கிழமை சுரங்கத்துக்குப் போகிறார். மடிக்கணினியை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.