கம்பத்தில் 22, காரில் 7

போன சனிக்கிழமை மச்சானின் புது எலக்ட்ரிக் காரில் தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து டர்பனுக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு கடை வளாகத்தில் சார்ஜர் இருந்தது, கம்பத்தில் 22 கிலோவாட் என்று கொட்டை எழுத்து. செருகினால் காரின் திரை 7-ஐத் தாண்டவில்லை. "மாப்ளே, மிஷின் ஏமாத்துது" என்றார் மச்சான்.

மிஷின் ஏமாற்றவில்லை. 22 என்பது மூன்று ஃபேஸும் சேர்ந்த கணக்கு. இங்கே ஒரு ஃபேஸில் 230 வோல்ட், அதில் 32 ஆம்பியர் போனால் 7.4 கிலோவாட்தான். மச்சான் காருக்குள் இருக்கும் சார்ஜர் ஒரு ஃபேஸை மட்டும் வாங்கும் ரகம். ஆமாம், காருக்குள். நாம் கம்பத்தைச் சார்ஜர் என்கிறோமே தவிர, இந்த மெதுவான வகைக் கம்பம் வெறும் கெட்டிக்கார சுவிட்ச். லைனில் வருவது ஏசி (மாறுதிசை மின்சாரம்), பேட்டரிக்கு வேண்டியது டிசி (நேர்திசை மின்சாரம்); மாற்றித் தருகிற பெட்டி காரில் இருக்கிறது, அது எவ்வளவு விழுங்குமோ அவ்வளவுதான் ஏறும்.

கேபிளின் முனையைப் பாருங்கள், ஏழு பின் இருக்கும். ஐந்து பெரியவை மின்சாரத்துக்கும் எர்த்துக்கும். மேலே உள்ள இரண்டு சின்னவை பேச்சுவார்த்தைக்கு. அதில் ஒன்றின் வழியாகக் கம்பம் விநாடிக்கு 1000 முறை துடிக்கிற சிக்னலை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நேரம் 'ஆன்' என்பதுதான் சேதி: சுமார் 27 சதவீதம் என்றால் "16 ஆம்பியர் வரை தருவேன்", 53 என்றால் 32. கார் அந்தச் சிக்னலின் 12 வோல்ட்டை 9-க்கு இறக்கினால் "வந்துட்டேன்", 6-க்கு இறக்கினால் "சரி, விடு". அப்போதுதான் கம்பத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதுவரை பெரிய பின்களில் மின்சாரமே கிடையாது, அதனால்தான் டர்பன் மழையிலும் தைரியமாகச் செருகலாம். இன்னொரு சின்னப் பின்னோடு கேபிளுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருக்கிறது. 220 ஓம் என்றால் 32 ஆம்பியர் தாங்கும் கேபிள், 680 என்றால் 20. கம்பம், கேபிள், கார் மூன்றில் எது சின்னதோ அதன் கணக்குதான் நடக்கும்.

வேக சார்ஜர் கதை வேறு. ஏசியை டிசி ஆக்கும் வேலையை அந்தப் பெரிய பெட்டியே செய்து, நேராக பேட்டரிக்கு அனுப்பிவிடும். இதுவும் பேட்டரி 80 சதவீதம் தாண்டினால் சோம்பல் படும். கோயில் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வருகிறவர்கள் சடசடவென்று உட்கார்ந்துவிடுவார்கள், கடைசிப் பத்துப் பேர்தான் காலி இலையைத் தேடி அலைவார்கள். சார்ஜ் ஏறும்போது மின்னூட்டத்தைச் சுமந்து வரும் லித்தியம் அயனிகளும் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் அப்படித்தான் இடம் தேடுகின்றன. அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும், அதனால் காரே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. குளிரிலும் இதே தொல்லை. இங்கே ஜூலைதான் குளிர்காலம்; அப்போது ஒரு காலையில் குளிர் ஊரான ஹாரிஸ்மித் பக்கம் சார்ஜ் போட்டால் புரியும்.

மச்சான் காரில் 45 யூனிட் பேட்டரி. வீட்டு பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் காலியிலிருந்து நிரம்ப 20 மணி நேரம், இந்தக் கம்பத்தில் ஆறேழு மணி. இரண்டு மணி நேரம் கடைக்குள் சுற்றினாலே 13, 14 யூனிட் ஏறிவிடும், டர்பன் போய்த் திரும்ப அது தாராளம். என்னைக் கேட்டால் சின்ன ஊருக்கு இந்த மெதுவான கம்பங்கள்தான் நிறைய வேண்டும். ஜோகன்னஸ்பர்க் போகிற நாளில் மட்டும் வேக சார்ஜரில் நின்று, 80 வந்ததும் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், பின்னால் ஒருத்தர் காத்திருப்பார்.